இளங்குழந்தைகளின் ஊணும் ஓட்டமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் வியாபார அபிவிருத்தியைப் பற்றியும், நம் பிள்ளைகளின் கல்வி நிதியைப் பற்றியும், கல்யாணச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் பெரியோர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்ன உண்கிறது, எவ்வளவு ஓடியாடுகிறது என்பதைப் பற்றிப் பேச இதுகாறும் ஒருவரும் முன்வந்ததாக நினைவில்லை. அது பெண்டிர் கவனிக்க வேண்டிய அடுக்களை விஷயம் என்று ஆடவராகிய நாம் ஒதுக்கி வைத்ததே காரணம். அவ்வாறு ஒதுக்கியது பிழை என்பதைச் சொந்த அனுபவத்தால் அறிந்தமையாலேயே, வைத்தியரும் அல்லாத, பெரும் படிப்பும் இல்லாத, மளிகைக் கடைக்காரராகிய யாம் இன்று தங்கள்முன் நிற்கத் துணிந்தோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்ததை முதலிற் கூறிவிடுகிறோம். எம் பேத்திக்கு மூன்று வயது நிரம்பியிருந்த சமயம். குழந்தை சோறு உண்ணாது. தாய் கைப்பேசியில் படம் ஓடவிட்டு, அது தன்னை மறந்து வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு கவளம் ஊட்டுவாள். ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் நீளும். மாலையில் குழந்தை எம் கடைக்கு வந்து கல்லாப்பெட்டியின் அருகே உட்காரும். எதிரே சரஞ்சரமாகத் தொங்குவனவற்றுள் எதைச் சுட்டுகிறதோ அதை யாம் கிள்ளிக் கொடுப்போம். இரவில் அது மறுபடியும் சோற்றைத் தள்ளும்பொழுது, “ஒரு குழந்தைக்குச் சோறூட்டத் தெரியவில்லையே” என்று மருமகளைக் கடிந்துகொண்டதும் உண்டு. அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை.

நாளடைவிற் குழந்தை வெளிறிச் சோர்ந்து போயிற்று. வைத்தியரிடம் கொண்டு சென்றோம். இரத்தம் சோதித்தார்கள். அவ்வயதுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையலாகாது. எம் பேத்திக்கு 8 கிராமே இருந்தது. வைத்தியர் மருந்தெழுதுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இக்குழந்தைக்குப் பசி எடுக்க எப்பொழுது இடங்கொடுக்கிறீர்கள்?” எம்மால் விடை கூற இயலவில்லை. அன்றிரவு கடையை அடைத்தபின் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காலையிற் பால் கலந்த தேநீரும் பிஸ்கட்டும், பத்து மணிக்கு மறுபடி பிஸ்கட்டு, மாலையில் ஒரு சிப்ஸ் பொட்டலம், வெயிலாயிருந்தால் ஓர் இனிப்புப் பானம், இடையிடையே சாக்லேட்டு. கடன் பேரேட்டில் ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிற யாம், பேத்திக்கு எடுத்துக் கொடுத்ததை மட்டும் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதியிருந்தால், குற்றம் எவர் பக்கம் என்பது முன்னமே விளங்கியிருக்கும்.

இது எம் வீட்டிற்கு மட்டும் உரிய செய்தியன்று. இந்திய அரசாங்கத்தார் 2019 முதல் 2021 வரை நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 67 பேர் இரத்தசோகை உடையோர். அதற்கு முந்திய 2015–16 கணக்கெடுப்பில் இத்தொகை 100-க்கு 58 அல்லது 59 ஆக இருந்தது. அதே காலத்தில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் 100-க்கு 2.1-லிருந்து 3.4 ஆகப் பெருகினர். ஒரே தேசத்தில், ஏன், ஒரே வீட்டில், வயிறு நிரம்பியும் இரத்தம் வற்றிய குழந்தைகள் வளர்கிறார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் என்று கூறுகிறது. நம் குடும்பங்களில் அந்நோயில்லாத குடும்பம் எத்தனை என்று கை தூக்கச் சொன்னால், இச்சபையில் எத்தனை கைகள் எழும்? நாவின் விருப்பமும் உடலின் சோம்பலும் இளமையிலேயே வேரூன்றுவன. ஐம்பது வயதிற் சர்க்கரையை விடச் சொல்லி மன்றாடுவதினும், ஐந்து வயதில் அதன் மேல் அடங்காத ஆசை பிறவாமற் காப்பது எளிதன்றோ?

முன்னாளில் நம் நாட்டின் கவலை வேறாயிருந்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்று கண்டு, 1920-இல் சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிற் பகலுணவு தொடங்கியது. 1956-இல் காமராஜர் அதனை மாகாணமெங்கும் பரப்பினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இற் காலை உணவுத் திட்டமும் வந்தது. இவற்றிலே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. வீட்டிற் சாம்பாரிலுள்ள காயைப் பொறுக்கி எறிகிற பிள்ளை, அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அதே காயை உண்பதை ஆசிரியைகள் பலர் கண்டிருக்கிறார்கள். அங்கே குறித்த நேரம் உண்டு. சமவயதுப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உண்கிறார்கள். கெஞ்சுவாரும் இல்லை, மிரட்டுவாரும் இல்லை. இடையிற் பொட்டலம் கொடுத்துப் பசியைக் கெடுப்பாரும் இல்லை. பசியும் ஒழுங்கும் கூட்டும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நிற்க. குழந்தைக்கு உணவிடுவதில் எவருடைய அதிகாரம் எதுவரை என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். எலின் சேட்டர் என்னும் அமெரிக்க உணவியல் அம்மையார் 1980-களில் ஓர் எளிய பங்கீட்டை எடுத்துரைத்தார். என்ன உணவு, எந்நேரம், எவ்விடம் என்பவற்றைத் தீர்மானிப்பது பெரியோர் கடமை; அதில் எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது குழந்தையின் உரிமை. நம் வீடுகளிலோ இது முற்றிலும் தலைகீழாகக் கிடக்கிறது. என்ன வேண்டும் என்று குழந்தையைக் கேட்கிறோம். எவ்வளவு உண்ண வேண்டும் என்பதை நாம் தீர்மானித்துத் திணிக்கிறோம்.

“குழந்தையின் இஷ்டத்துக்கு விட்டால் அது பட்டினி கிடக்காதா?” என்று சிலர் கேட்கலாம். கிளாரா டேவிஸ் என்னும் வைத்திய அம்மையார் அமெரிக்காவில் இக்கேள்விக்கே விடை தேடினார். முதல் அறிக்கையை 1928-இலும், பதினைந்து குழந்தைகளைப் பற்றிய முடிவுகளை 1939-இலும் வெளியிட்டார். பால்குடி மறந்த சிசுக்களின் முன் தானியம், பால், முட்டை, இறைச்சி, காய், கனி எனப் பல பண்டங்களைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, அவை விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டார். ஒரு நாள் ஒன்றை மிகுதியாகவும் மறுநாள் அதனைத் தொடாமலும் உண்ட அக்குழந்தைகள் யாவும் நன்கு வளர்ந்தன. ஆயின், அதன் சூட்சுமத்தையும் அவ்வம்மையாரே கூறிவிட்டார்: அங்கே வைக்கப்பட்டவை அனைத்தும் இயற்கை உணவுகள், சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட இல்லை. குழந்தை தேர்ந்தெடுக்கலாம், எவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பது என்பதைப் பரிமாறும் கையே முடிவு செய்கிறது. யாம் இன்று கூற வந்த கருத்தெல்லாம் இவ்வொன்றில் அடங்கும்.

இனி, புதிய உணவைக் குழந்தை முதன்முறை துப்பிவிட்டால், “இதற்குக் கீரை பிடிக்காது” என்று முத்திரை குத்திவிடுகிறோம். பிறகு அக்கீரை அவ்வீட்டிற் குழந்தையின் தட்டுக்கு வருவதே இல்லை. லீயன் பர்ச் என்னும் அறிஞர் முதலானோர் 1980-கள் தொட்டுச் செய்த ஆராய்ச்சிகளால், ஒரு புதிய சுவை குழந்தைக்குப் பழகுதற்குப் பத்துப் பதினைந்து முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கும் என்று அறிகிறோம். ஆதலால் வற்புறுத்தாமல், ஒரு சிட்டிகை அளவாயினும் தட்டில் வைத்துக்கொண்டே வருதல் வேண்டும். அதே பதார்த்தத்தைத் தந்தையும் பாட்டனும் எதிரே அமர்ந்து உண்ணுதல் வேண்டும். தந்தை வெண்டைக்காயை ஒதுக்கிவிட்டு மகனை உண்ணச் சொல்வதிற் பயனில்லை. “கீரையைத் தின்றால் சாக்லேட்டு தருவேன்” என்பதும் ஆகாது. கீரை தண்டனை, சாக்லேட்டு பரிசு என்பதையே அக்குழந்தை அதனாற் கற்றுக்கொள்ளும்.

நிலாச்சோறு ஊட்டிய மரபு நம்முடையது. “நிலவைக் காட்டிச் சோறூட்டவில்லையா? இன்று கைப்பேசியைக் காட்டுகிறோம். இதில் என்ன பேதம்?” என்று ஒரு நண்பர் எம்மைக் கேட்டார். பேதம் பெரிது. நிலவைக் காட்டியபொழுது தாயின் முகமும் பேச்சும் குழந்தையின் எதிரே இருந்தன. குழந்தை போதுமென்று தலையைத் திருப்பினால் தாய்க்குத் தெரிந்தது. திரையில் ஆழ்ந்த குழந்தைக்குத் தான் உண்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. பசியையும் நிறைவையும் அறியும் உணர்வு இயற்கை தந்த செல்வம்; அதனை நாமே மழுங்கச் செய்கிறோம்.

உணவு வகைகளைச் சுருக்கிக் கூறுவோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. ஆறு மாதம் நிரம்பியதும் குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த காய், கனி முதலியவற்றைத் தொடங்கி, தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. இவ்வளவு உடைய தானியம் வேறு நம்மிடம் இல்லை. முட்டை உண்ணும் குடும்பத்தார் முட்டை கொடுக்கலாம். உண்ணாதார் பருப்பும் பயறும் சுண்டலும் மிகுதியாகக் கொடுக்க வேண்டும். முருங்கைக் கீரையோடு சிறிது எலுமிச்சஞ் சாறு சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். தேநீரின் துவர்ப்போ அதனைச் சேரவொட்டாது தடுக்கும். எம் பேத்தியின் இரத்தத்தை வற்றச் செய்ததில் அத்தேநீருக்கும் பங்குண்டு. பால் நல்லதே, ஆனால் அதில் இரும்பு மிகக் குறைவு, பாலாலேயே வயிற்றை நிரப்பினால் சோற்றுக்கு இடமேது? இரண்டு எச்சரிக்கைகள்: ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைத்தலும் ஆகாது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலை கொடுத்தல் ஆகாது, மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். இடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

சர்க்கரை விஷயத்திற் சற்று நின்று பேச வேண்டும். நாள் முழுதும் பெறும் சக்தியில் 100-க்கு 10 பங்குக்கு உட்படவும், கூடுமானால் 5 பங்குக்கு உட்படவும் சேர்க்கைச் சர்க்கரை இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வரையறுத்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1300 கலோரி வேண்டும் நாலு வயதுப் பிள்ளைக்கு, 5 பங்கு என்பது 16 கிராம். அஃதாவது நாலு தேக்கரண்டி. ஒரு சிறு புட்டி இனிப்புப் பானத்திலேயே பெரும்பாலும் அவ்வளவும், அதற்கு மேலும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சேர்க்கைச் சர்க்கரையே வேண்டா. பொட்டலத்தின் முதுகிற் பொடியெழுத்தில் அச்சிட்ட பட்டியலை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அதில் எடை மிகுந்த பண்டமே முதலில் எழுதப்படும். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால், மேலே எவ்வளவு வலிவான குழந்தையின் படம் அச்சிட்டிருந்தாலும் அது மிட்டாயே ஆகும். பாலிற் கலக்கும் இனிப்பு மாவுகளை “ஆரோக்கிய பானம்” என்று நம்பி வாங்குகிறோம். அப்பெயரில் ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் இல்லை என்று கூறி, அத்தலைப்பின்கீழ் அவற்றை விற்கலாகாதென 2024 ஏப்ரலில் மத்திய அரசாங்கத்தார் இணைய வியாபாரிகளுக்கு அறிவித்தனர். அவ்வறிவிப்பை மளிகைக் கடைக்காரராகிய நாமும் மனத்திற் கொள்ளுதல் நலம்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். ஒரு வயது முதல் நாலு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்கு மொத்தம் மூன்று மணி நேரமாவது உடலசைந்து திரிதல் வேண்டும். மூன்று நாலு வயதினருக்கு அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருத்தல் வேண்டும். ஒரு வயதுக்குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது. மூன்று நாலு வயதினர் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் உறங்க வேண்டும். இவை உலக சுகாதார நிறுவனம் 2019-இற் கூறிய விதிகள். மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டா. கடைக்கும் கோயிலுக்கும் குழந்தையை இடுப்பில் சுமவாமல் நடத்திச் செல்வதும், செடிக்குச் சொம்பில் நீர் ஊற்றச் சொல்வதும், உலர்ந்த துணியை எடுத்துவரச் செய்வதும் எல்லாம் இக்கணக்கிற் சேரும். கண்ணாமூச்சியும் நொண்டியும் பாண்டியும் ஒரு காசு செலவில்லாதவை. “ஓடாதே, விழுந்துவிடுவாய், மண்ணைத் தொடாதே, அழுக்காகிவிடும்” என்று நாளெல்லாம் தடுத்துவிட்டு, பிள்ளை திரையைவிட்டு அகலவில்லை என்று குறைபடுவது நியாயமாகுமா?

தாய்மார்களை நோக்கியன்று, அவர்கள் சார்பாக ஒரு வார்த்தை. குழந்தை மெலிந்தால் மருமகள் மேற் பழி. பருத்தால் அவள் வளர்ப்பைப் புகழ்ச்சி. கொழுகொழுவென்றிருப்பதே ஆரோக்கியம் என்ற எண்ணம் நம்மை விட்டபாடில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அங்கன்வாடியில் எடையும் உயரமும் அளந்து பதியும் அட்டையில் அக்குழந்தையின் கோடு மேலேறி வருகிறதா என்று பாருங்கள். வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் தாய்க்கு ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஒரு விடுதலை என்பதை யாம் அறிவோம். அவளைக் குறை கூறுவதைவிட, அந்நேரத்தில் ஒரு பிடி பயற்றை வேகவைத்துத் தரவும், குழந்தையை அரைமணி நேரம் தெருவில் விளையாட்டுக் காட்டவும் வீட்டிலுள்ள ஆடவர் முன்வருதலே தருமம். பாட்டன் பாட்டிமாரும், தாய் “இல்லை” என்றதை மறைவில் எடுத்துக் கொடுப்பதை விட்டொழித்தல் வேண்டும். இதை யாம் நாணத்தோடு கூறுகிறோம்.

கடைசியாக, நம் தொழிலைப் பற்றியது. நம்மவரிற் பெரும்பாலோர் மளிகையும் பெட்டிக்கடையும் நடத்துகிறோம். சிலர் இப்பண்டங்களின் விநியோகமே எடுத்து நடத்துகிறோம். எவரையும் கடையை மூடச் சொல்ல யாம் வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனிக்காரர் தரும் தொங்குசட்டங்களை நம் கடைகளில் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறோம்? மூன்று வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக அன்றோ? எம் கடையில் அவற்றை எடுத்து மேல்தட்டில் வைத்தோம். அவ்விடத்தில் வாழைப்பழச் சீப்பும், பொட்டுக்கடலையும், எள்ளுருண்டையும் வைத்தோம். மறைக்க மாட்டோம்: முதல் மாதம் விற்பனை குறைந்தது, இன்றும் அக்குறை முழுதும் நிரம்பவில்லை. ஆயினும் தாயின் கைபிடித்து வரும் பிள்ளை பழத்தைச் சுட்டிக் கேட்பதை நாள்தோறும் காண்கிறோம். நம் பேத்திக்குக் கொடுக்க அஞ்சுவதை அயலார் பேத்தியின் கண்முன் தொங்கவிட்டுப் பெறும் இலாபம் நமக்கு வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இம்மகாசபைக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: கல்யாணமில்லாத நாட்களில் நம் மண்டபத்து முற்றம் பூட்டிக் கிடக்கிறது, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அதனைத் தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் திறந்துவிடல் வேண்டும். இரண்டு: ஆண்டு விழாவிற் குழந்தைகளுக்குத் தரும் மிட்டாய்ப் பெட்டிக்குப் பதிலாகப் பந்தோ பம்பரமோ தாண்டு கயிறோ தந்து, சுண்டலும் பழமும் வழங்கல் வேண்டும். மூன்று: நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கடையின் கீழ்த்தட்டை மட்டும் மாற்றி அமைத்து, ஆறு மாதம் நடத்திப் பார்த்து, இலாப நஷ்டத்தை இச்சபையில் உள்ளபடி கூறல் வேண்டும்.

எம் பேத்தியைப் பற்றிக் கேட்பீர்கள். வைத்தியர் தந்த இரும்புச் சத்து மருந்தும், பூச்சி மருந்தும் கொடுத்தோம், தேநீரை நிறுத்தினோம், கைப்பேசியைச் சாப்பாட்டு வேளையில் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். முதல் பத்து நாள் வீட்டில் அழுகையும் பட்டினியுமாக இருந்தது, எம் உறுதியே இருமுறை தளர்ந்தது, மருமகள்தான் தளரவில்லை. நாலு மாதத்தில் இரத்தம் 11 கிராமைத் தாண்டிற்று. இன்றும் அக்குழந்தைக்குப் பாகற்காய் ஆகாது, எமக்கும் ஆகாது. ஆயினும் இருவர் தட்டிலும் ஒரு துண்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது.